ரைஃபிள் முனையில் ஃபிளாஷ் ஹைடர்: எந்த வைஸ், எந்த ஸ்பேனர்?

மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே ரைஃபிளில் கை வைக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலான ஏஆர்-15 வகையில் குழலையே பற்றும் வைஸ் கட்டைகள்தான் மிக முக்கியம். ரிசீவரை மட்டும் இறுக்கிவிட்டுத் திருகினால், விசை முழுவதும் குழலைத் திசை மாறாமல் நிறுத்தும் சிறு ஊசியின் மேல் விழும். ரிசீவரின் காடி சேதமாகலாம். 5.56 மி.மீ. குழலில் மரை பெரும்பாலும் அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஏ2 வகை ஃபிளாஷ் ஹைடரின் தட்டைப் பக்கங்களில் முக்கால் அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வழுக்கி விளிம்பை மழுக்கும். ஹைடருக்கும் குழலுக்கும் இடையே போடும் நசுங்கும் வாஷர் ஒருமுறைக்கே. கழற்றினால் புதியது போட வேண்டும். சப்ரஸர் மாட்டும் முனைக்கு நசுங்கும் வாஷர் ஆகாது, தட்டையான ஷிம் வளையங்களே ஏற்றவை.