கால் நரம்பு இழுக்கிறதா? உணவில் கவனிக்க வேண்டியவை

அஸருக்குப் பின் பந்து விளையாடும் நம் பிள்ளைகளும், ஃபஜ்ருக்குப் பின் நடைப்பயிற்சி செல்லும் பெரியவர்களும் அடிக்கடி சொல்லும் தொல்லை ஒன்று உண்டு: “கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது.” பேச்சில் நரம்பு என்றாலும் இழுத்துக்கொள்வது தசைதான். சுருங்கிய தசை தளராமல் கல்போல் இறுகிவிடுவதே தசைப்பிடிப்பு.

உடனே வீட்டில் கிடைக்கும் அறிவுரை, “வாழைப்பழம் சாப்பிடு” என்பது. வாழைப்பழம் நல்ல உணவுதான். ஆனால் வியர்வையில் நாம் எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டால், எதை ஈடு செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

வியர்வையில் போவது எது?

நரம்பின் கட்டளை தசைக்குச் சென்று சேர சோடியமும் பொட்டாசியமும் தேவை. தசை சுருங்கக் கால்சியம் தேவை. அது மீண்டும் தளர மெக்னீசியம் துணை செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக 1 கிராம் அளவுக்குச் சோடியம் வெளியேறுகிறது. சிலருக்கு இதைவிட அதிகம். பொட்டாசியம் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். கால்சியமும் மெக்னீசியமும் அதனினும் குறைவு. ஆகவே வெயிலில் நெடுநேரம் வியர்ப்பவர் முதலில் இழப்பது தண்ணீரும் சாதாரண உப்பும்தான். சட்டை காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாய்க் கோடு தெரிந்தால், அவர் வியர்வையில் உப்பு அதிகம் என்று பொருள்.

1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்தப் பிடிப்பு பெரும் துன்பமாக இருந்தது. வெப்பத்தில் வியர்த்து, வெறும் தண்ணீரை நிறையக் குடித்தவர்கள் பாதிக்கப்பட்டனர். தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தபோது நிவாரணம் கிடைத்தது. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டும்போதும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிலாளர்களிடம் இதையே கண்டனர். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும் என்பதே அங்கு கிடைத்த பாடம்.

உப்பு மட்டும் காரணமா?

இல்லை. பிடித்த தசையை இழுத்து நீட்டினால் சில நொடிகளில் வலி குறைகிறது. அந்த நொடிகளில் உடலுக்குள் எந்த உப்பும் போய்ச் சேரவில்லை. எனவே தசை அளவுக்கு மீறிக் களைத்துப்போவதும் ஒரு முக்கியக் காரணம் என்று இன்று மருத்துவ உலகம் கருதுகிறது. வாரம் முழுதும் உட்கார்ந்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடி விளையாடுபவருக்கு எந்தப் பானமும் முழுப் பாதுகாப்பு தராது. பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவதே அவருக்கு முதல் மருந்து.

நம் சமையலறையில் இருப்பவை

1. சோடியத்திற்கு: உப்புப் போட்ட மோர், நீராகாரம், சிறிது உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் விளையாடுபவருக்கு இவை போதும்.

2. பொட்டாசியத்திற்கு: வாழைப்பழம், பேரீச்சம்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, பருப்பு, கீரை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அதிகம் வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள உணவும் எடுப்பது நல்லது.

3. கால்சியத்திற்கு: பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

4. மெக்னீசியத்திற்கு: நிலக்கடலை, முந்திரி, பாசிப்பயறு, கீரை, தீட்டாத அரிசி, சிறுதானியம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இழந்த நீரின் அளவு தெரியும். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. பின்னால் பார்க்கும் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம், அதுவும் நல்லதல்ல.

நோன்புக் காலத்தில்

பகலில் இழந்ததை உடனே ஈடு செய்ய முடியாது. ஆகவே கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். பகலில் மெதுவான நடை போதும். இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி மூன்றும் சேரும்போது பொட்டாசியம், நீர், உப்பு, மாவுச்சத்து எல்லாம் கிடைத்துவிடுகின்றன. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் ஸஹர் வரை பிரித்துக் குடிப்போம். ஸஹரில் ஊறுகாயும் கருவாடும் வேண்டாம், தாகத்தைக் கூட்டும்.

எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள எல்லோருக்கும் உப்பைக் கூட்டிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் உப்பு தீங்கு. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இளநீரும் வாழைப்பழமும்கூட ஆபத்தாகலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே பாதிக்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிடிப்பு வந்தால், தாமாக எதையும் சேர்க்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதியோருக்கு இரவில் வரும் பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரை பெரிதாகப் பயன் தருவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

பிடித்துக்கொண்டால்

விளையாட்டை நிறுத்தி, முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி மெதுவாக வளைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு தடவிவிட்டு, நிழலில் உட்கார்ந்து உப்புச் சேர்த்த பானம் அருந்தலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலும், நடந்தால் வலித்து நின்றால் வலி விடுவது வழக்கமானாலும், பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும், வெயிலில் தலைசுற்றிப் பேச்சுக் குழறினாலும் அது வெறும் தசைப்பிடிப்பு அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோன்பாளியாக இருந்தாலும் தயங்க வேண்டாம். நோயுற்றவர் நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

மைதானத்துக்குப் போகும் பிள்ளையின் கையில் நாளை முதல் ஒரு போத்தல் உப்பு மோர் கொடுத்து அனுப்புவோம்.