தவளையும் ஊர்க் குட்டையும்

பூவிருந்தவல்லி வட்டாரத்து உழவர்க்குக் களக்காடு மலைத் தவளையால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஓர் அங்குல நீளமே உள்ள பச்சைத் தவளை ஒன்று உண்டு. 1876-ல் குந்தர் என்னும் அறிஞர் அதனை விவரித்தார். பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படவில்லை. அது மீண்டும் காணப்பட்ட செய்தி 2011-ல் வெளியாயிற்று. மிக அருகிய இனங்களுள் ஒன்றாக அறிஞர் அதனை வகுத்தனர். அது முட்டையிடும் இடமே வியப்புக்குரியது. மெல்லிய மூங்கிலின் கணுவிடையில் உள்ள சிறு துளை வழியே உட்புகுந்து, அங்கேயே முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவம் அதற்கு இல்லை. குஞ்சுகள் தவளையாகவே வெளிவருகின்றன. அம்மூங்கில் வெட்டுண்டால் தவளைக்கு வேறு புகலிடம் ஏது?

நம் வயல்களில் வாழும் பெருந்தவளை அத்துணை அரிதன்று. எனினும் அதற்கும் தனியிடம் ஒன்று வேண்டும். முதற் பெருமழையில் தேங்கும் ஆழமற்ற நீரிலேதான் அது முட்டையிடும். அப்போது ஆண் தவளை மஞ்சள் நிறங்கொண்டு கத்துவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பூச்சிகளையும், வரப்பைத் துளைக்கும் நண்டுகளையும் அது உண்ணும். முன்னாளில் அதன் கால்களை வெட்டி ஆயிரக்கணக்கான டன் அளவில் அயல்நாடுகளுக்கு அனுப்பினர். மத்திய அரசு 1987-ல் அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. பிடிப்போரைத் தடுக்கச் சட்டம் வந்தது. குட்டையைத் தூர்ப்போரைத் தடுப்பது பெரும்பாலும் பஞ்சாயத்தின் பொறுப்பாகவே நிற்கிறது. அம்பத்தூரும் ஆவடியும் நகரமாகிவிட்டன. எஞ்சிய சிற்றூர்ப் புறம்போக்குகளிலும் மனைக்கற்கள் ஏறி வருகின்றன.

இங்கே நம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குட்டையைக் கிணறுபோல் நாற்புறமும் செங்குத்தாக வெட்டுவதே நற்பணி என்று எண்ணி, நாமே பல மதிப்பீடுகளுக்கு ஒப்பம் இட்டிருக்கிறோம். நீர் அதிகம் நின்றது மெய்தான். ஆனால் தவளைக்கு ஆழமற்ற கரை இல்லாமற் போயிற்று. அதன்மேல் மீன்குஞ்சுகளை விட்டோம்; கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீனையும் விட்டோம். அவை தலைப்பிரட்டைகளையும் தின்றன.

ஆகவே அடுத்த மதிப்பீட்டில் ஒரு கரையையேனும் சாய்வாக விடச் சொல்லுங்கள். செலவு கூடாது, தோண்டும் மண் சற்றுக் குறையும், அவ்வளவே. மழையில் மட்டும் நிரம்பி வற்றும் சிறு பள்ளங்களைத் தூர்க்காமலும், அவற்றில் மீன் விடாமலும் இருக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். பள்ளத்தை ஒட்டிய வயல்களில் மருந்து தெளிக்கும் உழவர், முட்டை மிதக்கும் நாட்களில் தெளிப்பைத் தள்ளிவைத்தால் போதும்.