மலையில் இரும்பை முதலில் அடித்தவர் யார்?

கேள்வி: இத்தாலியின் டோலமைட் மலைகளில், பாறையில் பதித்த எஃகு வடத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறும் ‘வியா ஃபெராட்டா’ பாதைகளை முதல் உலகப் போரின் சிப்பாய்கள்தான் போட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பாதி உண்மை. போர் அவற்றைப் பெருக்கியது, தொடங்கிவைக்கவில்லை.

1915 மே மாதம் ஆஸ்திரியா-ஹங்கேரி மீது இத்தாலி போர் தொடுத்தபோது, போர்முனை அந்தச் சிகரங்களின் மேலேயே அமைந்துவிட்டது. உச்சி யாரிடமோ, பள்ளத்தாக்கு அவரிடம். அதனால் செங்குத்துப் பாறைகளில் இரு தரப்பும் ஏணி சாத்தி, முளை அடித்து, கயிறு கட்டித் துப்பாக்கியையும் சோற்றையும் மேலே ஏற்றின. லாகசுவோய் மலையின் வயிற்றைக் குடைந்து இத்தாலியர்கள் 1917 ஜூனில் வெடி வைத்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் இன்று ஹெல்மெட்டும் தலைவிளக்குமாக யாரும் நடந்து போகலாம். குண்டுக்கு நிகராகப் பனியும் கொன்றது. 1916 டிசம்பர் 13 அன்று மார்மொலாடா மலையில் ஒரே பனிச்சரிவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்திரியப் படையினர் புதைந்தார்கள். இன்று விடுமுறைக்கு வந்து அங்கே ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஏறுவதே முறை.

ஆனால் அதே மார்மொலாடாவின் மேற்கு முகட்டில் 1903-லேயே இரும்பு ஏறிவிட்டது. செல்லா மலைத்தொகுதியின் பொஸ்னெக்கர் பாதை 1912-ல் முடிந்தது. இரண்டும் மலையேற்றச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்காகப் போட்டவை. இன்னும் பின்னே போனால் ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலை. வியன்னாவின் புவியியல் அறிஞர் ஃப்ரீட்ரிக் சிமோனி அந்தப் பனிமலையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1843-ல் அதன் உச்சிக்குப் போகும் பாறையில் இரும்பு முளைகளை அடித்து, படிகள் வெட்டி, பருத்த கயிற்றைக் கட்டவைத்தார். ஆல்ப்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்கள்.

என்னைக் கேட்டால் இன்னும் ஐந்நூறு ஆண்டு பின்னே போகவேண்டும். இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு 1344-ல் போன இபின் பதூதா, அங்கே பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, ஏறுகிறவர்கள் பற்றிக்கொள்ளப் பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். முன்னோர் செய்த வேலை என்றே அவரும் குறிப்பிடுகிறார். அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. ஆல்ப்ஸ்காரர்கள் இதைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சிப்பாய்க்கும் உல்லாசப் பயணிக்கும் வெகுகாலம் முன்பே அடியார்களுக்காக மலையில் இரும்பு அடிக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது.

கேள்வி: ஒரே நாளில் ஏறி இறங்காமல் மலைக்குடிலில் இரவு தங்குவது ஏன்? அந்த வழக்கம் எப்படி வந்தது?

பதில்: முதல் காரணம் இடி. டோலமைட்டில் கோடைப் பிற்பகல்களில் மேகம் திரண்டு மின்னல் இறங்குவது சாதாரணம். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் எஃகு வடத்தின் மேல் நிற்கக்கூடாது. பாதையின் அடிவாரத்திலேயே தூங்கி எழுந்து விடியலில் ஏறத் தொடங்கினால், மேகம் கூடுவதற்குள் முடித்துவிடலாம்.

வரலாற்றிலும் குடிலும் இரும்பும் கூடப்பிறந்தவை. மேலே சொன்ன சிமோனி, முளை அடித்த அதே 1843-ல் டாக்ஸ்டைன் சரிவில் ஒரு கல் ஒதுங்கிடமும் கட்டவைத்தார். ‘ஹோட்டல் சிமோனி’ என்று மக்கள் செல்லமாக அழைத்த அது, சிலர் முடங்கிப் படுக்கும் அளவே இருந்தது. சுவிஸ் மலையேற்றச் சங்கம் தான் தோன்றிய 1863-லேயே டோடி மலையில் தன் முதல் குடிலைக் கட்டியது. டோலமைட்டின் மிகப் பழைய குடில்களில் ஒன்று 2,575 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவோலாவ், 1883-ல் திறக்கப்பட்டது. நுரையீரல் நோயோடு அந்த மலைக்காற்றைத் தேடி வந்து குணமான டிரெஸ்டன் நகரத்து ராணுவ அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாகக் கொடுத்த பணத்தில் எழுந்தது. போரில் அழிந்து, 1930-ல் மறுபடி கட்டப்பட்டது.

பிறகு குடில்களை இணைக்கவே இரும்புப் பாதைகள் போடப்பட்டன. 1930-களில் பிரெந்தா மலைகளில் தொடங்கிய ‘பொக்கெட்டே’ பாதைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பாறை அடுக்குகளில் இயற்கையாக அமைந்த குறுகிய விளிம்புகளை ஏணியாலும் வடத்தாலும் கோத்துப் போட்டார்கள். ஆனால் ஒரு சிகரத்தின் உச்சிக்கும் அதைக் கொண்டுபோகவில்லை. உச்சி தன் கைகால் பலத்தில் ஏறுகிறவனுக்கு என்று விட்டுவைத்த அந்தக் கட்டுப்பாட்டை இன்று பாதை போடுகிறவர்கள் மறந்துவிடுவது வருத்தம்தான்.

குடிலில் பூட்ஸை வாசலிலேயே கழற்றவேண்டும். கம்பளிக்குள் விரிக்க மெல்லிய உறைத்துணியை நாமே கொண்டுபோகவேண்டும். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். டோலமைட் பாறை தண்ணீரைத் தேக்குவதில்லை. ஆகவே குளிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிது. மறுநாள் எங்கே போகிறோம் என்பதைக் குடில் பதிவேட்டில் தவறாமல் எழுதுங்கள். ஆள் திரும்பாவிட்டால் மீட்புக்குழு தேடலைத் தொடங்க அந்த ஒரு வரி போதும்.

கேள்வி: இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு கொக்கிகள் எதற்கு?

பதில்: வடம் சில மீட்டருக்கு ஒருமுறை பாறையில் முடுக்கப்பட்டிருக்கும். அந்த முடிச்சைத் தாண்டும்போது ஒரு கொக்கியைக் கழற்றி மறுபுறம் மாட்டி, அதன் பிறகே மற்றதைக் கழற்றவேண்டும். தவறி விழுந்தால் கீழ் முடிச்சு வரை சறுக்கிப்போய் அங்கேதான் கொக்கி நிற்கும். நீளம் குறைந்த வாரில் நெடுந்தூர வீழ்ச்சியின் அதிர்ச்சி முழுவதும் இறங்குவதால் சாதாரணக் கயிறு அறுந்துவிடும், அல்லது முதுகெலும்பு முறியும். அதற்காகவே தையல் பிரிந்து பிரிந்து வேகத்தை உறிஞ்சும் பட்டையை இடையில் வைக்கிறார்கள். ஒருமுறை விழுந்து அந்தத் தையல் பிரிந்துவிட்டால் அந்தக் கருவியை மறுபடி மாட்டக்கூடாது. இரு முடிச்சுகளுக்கு இடையே ஒருவர்தான் இருக்கவேண்டும் என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது: மேலே இருப்பவர் விழுந்தால் அவர் வந்து நிற்கும் இடம் கீழே இருப்பவரின் தலை.