காகிதம் சொல்வது என்ன?

முத்துலட்சுமியின் வீடு மும்பை தாராவியில் இருக்கிறது. அதிகாலையில் எழுந்து இட்லி அவிப்பாள். கணவன் சுடலை அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பான்.

லட்சுமி இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. முன்பு ஒரு முறை கரு கலைந்துவிட்டது. அதனால் ஒரு தனியார் லேபில் இரத்தம் கொடுத்தாள்.

சோதனைக் காகிதம் வந்தது. 'ஹெர்ப்பிஸ் 1, 2: ஐ.ஜி.எம். பாசிட்டிவ். ஐ.ஜி.ஜி. தெளிவில்லை' என்று இருந்தது. "இது பால்வினை நோய்" என்று மட்டும் அங்கே சொன்னார்கள்.

"உனக்கு இது எங்கேயிருந்து வந்தது?" என்று சுடலை கேட்டான். அதன் பிறகு அவன் பேசவில்லை. இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் லட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தை எடுத்தாள். "வாங்க, தெரிஞ்சவங்ககிட்ட கேட்போம்" என்றாள்.

இருவரும் அரசு மருத்துவமனையில் உள்ள சுரக்ஷா கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே பால்வினை நோய்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. விவரங்களை வெளியே சொல்லமாட்டார்கள். தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவர் காகிதத்தைப் படித்தார்.

"ஹெர்ப்பிஸ் கிருமியில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயோரத்தில் கொப்புளம் தரும். சிறு வயதிலேயே எச்சில் மூலம் தொற்றிவிடும். உலகில் 50 வயதுக்குக் கீழே 100 பேரில் 60 பேருக்கு மேல் இது இருக்கிறது. இரண்டாம் வகை உடலுறவு மூலம் பரவும்" என்றார்.

"சின்ன வயசிலேயிருந்து எனக்குக் காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் வரும் அக்கா" என்றாள் லட்சுமி.

"அது முதல் வகையாக இருக்கலாம். இந்த லேபில் இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த வகை என்று இந்தக் காகிதம் சொல்லாது."

"பாசிட்டிவ்னு போட்டிருக்கே?" என்றான் சுடலை.

"இந்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை தம்பி. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் பார்க்கிறது. ஹெர்ப்பிஸுக்கு ஐ.ஜி.எம். சோதனையை நம்ப முடியாது. வேறு கிருமி இருந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். பழைய தொற்று மறுபடி தலைதூக்கினாலும் காட்டலாம். அதனால் இது புதிதாக வந்தது என்று சொல்ல முடியாது."

"ஐ.ஜி.ஜி.ன்னா என்ன அக்கா?"

"எண்ணைப் பார் லட்சுமி. 1.0 என்று இருக்கிறது. பல லேப்களில் 0.9க்குக் கீழே வந்தால் 'இல்லை'. 1.1க்கு மேல் வந்தால் 'உண்டு'. நடுவில் வந்தால் 'தெளிவில்லை'. இட்லி மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும் அல்லவா? அதுபோல எதிர்ப்புப் பொருள் உண்டாகவும் நாளாகும். சிலருக்கு 12 முதல் 16 வாரம்கூட ஆகும்."

சுடலை தயங்கினான். "அப்போ இது யார்கிட்டேயிருந்து வந்தது?"

"எந்த இரத்தச் சோதனையும் அதைச் சொல்லாது. இரண்டாம் வகை என்று உறுதியானாலும் சொல்லாது. பலருக்கு வருடக்கணக்கில் அறிகுறியே இருக்காது. கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்கு வந்து, உங்களிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம்."

சுடலை தலை குனிந்தான்.

"முன்னாடி கரு கலைஞ்சது இதனாலதானா அக்கா?"

"இந்தக் காகிதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உன்மேல் குற்றம் இல்லை."

டாக்டர் லட்சுமியைப் பார்த்தார். புண் எதுவும் இல்லை. வகை பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சுடலை சொன்னான். "எது வந்தாலும் ரெண்டு பேருமே வந்து கேட்போம். வா, சாப்பிடலாம்."

நினைவில் கொள்வோம்

1. ஒரு காகிதத்தைப் பார்த்து யார்மீதும் பழி போடாதீர்கள்.

2. ஹெர்ப்பிஸ் சோதனை என்றால், வகை பிரித்துப் பார்க்கும் ஐ.ஜி.ஜி. சோதனையா என்று கேளுங்கள்.

3. அதில் இரண்டாம் வகைக்கு 3க்குக் கீழே வந்த 'பாசிட்டிவ்' தவறாகவும் இருக்கலாம். வேறு முறையில் மறுபடி பார்க்க வேண்டும்.

4. புண் வந்தால் ஆறுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். புண்ணிலிருந்து எடுத்துச் சோதிப்பதே தெளிவானது.

5. கிருமியை முழுதாக நீக்க மருந்து இல்லை. ஆனால் புண்ணை ஆற்றவும், அடிக்கடி வருவதைக் குறைக்கவும் மாத்திரை உண்டு.

6. கர்ப்பிணிக்குப் பிறப்புறுப்பில் புண் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றலாம். கணவனுக்குப் புண் இருந்தால் உடலுறவு கூடாது.

7. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பேசிப் பார்ப்போம்

1. லட்சுமியின் காகிதத்தில் எந்த எண் 'தெளிவில்லை' என்று காட்டியது?

2. சுடலை முதல் நாளே என்ன செய்திருக்கலாம்?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு சோதனைக் காகிதத்தை எடுங்கள். பெயர், தேதி, எண், லேப் தரும் அளவு ஆகிய நான்கையும் படித்துக் காட்டுங்கள்.