உறவாடலும் உடல்நலமும்

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றின் வீதிகள் வெளியூர்ப் பக்தர்களால் நிரம்புகின்றன. அதே வீதிகளில், பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிய, பேச்சுத்துணையின்றி நாளைக் கழிக்கும் முதியோரும் உள்ளனர். தனித்து வாழ்பவர் அனைவரும் தனிமையுணர்வால் வாடுவதில்லை. கூட்டுக்குடும்பத்தில் இருப்பவரும் வாடலாம். நாம் விரும்பும் உறவுக்கும் நமக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையிலான குறையே தனிமையுணர்வு ஆகும்.

இதன் தாக்கம் மனத்தோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களில் 6 பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் இதனோடு தொடர்புடையவை. பக்கவாதம், இதயநோய், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றிற்கான வாய்ப்பும் கூடுகிறது. நீடித்த மன அழுத்தம் இரத்த அழுத்தத்தை உயர்த்தி உறக்கத்தைக் கெடுக்கிறது. மேலும், மாத்திரை தவறியதையோ கால் வீங்கியதையோ கவனித்துச் சொல்ல அருகில் ஆள் இருப்பதில்லை.

பக்கவாதத்திற்குப் பின், பேச்சுக் குழறுகிறதே என்னும் கூச்சத்தால் வெளியே செல்வதை நிறுத்திவிடுவோர் பலர். அவர்களுக்குப் பிறருடன் பேசுவதே ஒரு பயிற்சி. அவர் சொல்ல வந்ததைக் குடும்பத்தார் தாமே முடித்துவிடாமல், பொறுமையுடன் காத்திருந்து கேட்க வேண்டும்.

பின்பற்றத்தக்கவை:

1. வெளியூரில் உள்ள பிள்ளைகள் நாள்தோறும் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம். 'சாப்பிட்டீர்களா?' என்பதோடு நிறுத்தாமல், ஊர்ச் செய்தியையும் கேளுங்கள்.

2. காது மந்தமும் கண்புரையும் மனிதரை ஒதுங்கச் செய்பவை. முதுமைதானே என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

3. மருத்துவர் அனுமதித்த அளவில், மாலை நடையை அண்டை வீட்டாருடன் மேற்கொள்ளுங்கள்.

4. பூத்தொடுத்தல், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லுதல் போன்ற சிறு பொறுப்புகளை நோயாளரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

5. பராமரிப்பவருக்கும் துணை தேவை. வாரத்தில் சில மணி நேரமாவது மற்றோர் உறவினர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரமும் ஆர்வமின்மையும் நீடித்தால், அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரை அணுகுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. முதியோர் உதவி எண் 14567. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால், அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது, மாத்திரைகளைப் பற்றிக் கேட்டபின், 'இந்த வாரம் யாரோடு பேசினீர்கள்?' என்றும் கேட்போம். தயங்காமல் சொல்லுங்கள்.