மோர் கொட்டிய மடிக்கணினி

மேட்டூரில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பதைச் சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் அப்படியொரு பிற்பகலில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த ஒரு மாணவன், துண்டில் சுற்றிய மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தான்.

“சார், இது மேல மோர் கொட்டிடுச்சுங்க. மூணு நாளா ஆன் ஆகலீங்க” என்றான்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டத்தின் கீழ், அவனுடைய அக்காவுக்குப் பிளஸ் டூ படிக்கையில் கிடைத்த கணினி அது. தந்தை அணையில் மீன் பிடிப்பவர். வீட்டில் வேறு கணினி இல்லை. அக்கா அப்போது கல்லூரி இறுதியாண்டில் இருந்தாள். பத்து நாளில் ஒப்படைக்க வேண்டிய அவளுடைய செயல்திட்ட அறிக்கை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

“மோர் கொட்டியதும் என்ன செய்தாய்?” என்று கேட்டேன்.

“தொடச்சிட்டு, வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாத்தேங்க. ஒரு தடவை லைட் எரிஞ்சு அணைஞ்சிடுச்சுங்க. அப்புறம் சார்ஜரைப் போட்டு நிறைய தடவை அமுக்கிப் பாத்தேன்.”

நம்மில் பெரும்பாலோர் செய்யக்கூடியதும் இதுவே அல்லவா? ஆனால் கணினிக்குப் பெருங்கேடு விளைவித்தது மோர் கொட்டிய செயலன்று. அதன் பின் பொத்தானை அழுத்திய செயலே. ஏன் என்று காண்போம்.

கெடுப்பது நீரா, மின்சாரமா?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். குழாயில் வரும் காவிரி நீரில் உப்புகள் கரைந்துள்ளன. மோரிலோ நாமே உப்பைக் கரைத்துக் குடிக்கிறோம். உப்பு கரைந்த நீரில் சோடியம், குளோரைடு அயனிகள் உலவுகின்றன. இரண்டு கடத்திகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், இந்த அயனிகள் வழியாக மின்னோட்டம் செல்லும். மின்வாய்களில் வேதிவினைகள் நிகழும். இதுவே மின்னாற்பகுப்பு.

எங்கள் ஊருக்கு இது புதிய செய்தியன்று. 1936-இல் நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. அவற்றைப் பெறும் வழி உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்துவதே. இவ்வூரில் 2008 வரை இயங்கிய மால்கோ ஆலை, அலுமினியம் ஆக்சைடிலிருந்து அலுமினியத்தைப் பிரித்ததும் மின்னாற்பகுப்பினால்தான். ஆலையில் பெரிய தொட்டிகளில், வேண்டுமென்றே செய்யப்படும் வேலை, மடிக்கணினியில் ஒரு துளி மோருக்குள் வேண்டாமலே நடந்தது.

நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். மடிக்கணினியின் மின்பலகையில் 19 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பல அழுத்தங்கள் உள்ளன. அவற்றைச் சுமக்கும் செம்புத் தடங்களுக்கு இடையே பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இராது. நேர்மின்வாயாக அமையும் தடத்தில் செம்பு அயனியாகிக் கரைகிறது. அது எதிர்மின்வாயை நோக்கிச் சென்று மெல்லிய இழைகளாகப் படியலாம். ஒருபுறம் தடம் அறுகிறது. மறுபுறம் சேரக்கூடாத தடங்கள் சேர்ந்துவிடுகின்றன. மின்சாரம் இல்லாவிட்டாலும் உப்பு நீர் உலோகத்தை அரிக்கும்தான். ஆனால் நாட்கணக்கில் நடக்க வேண்டிய அரிமானத்தை மின்சாரம் நிமிடக் கணக்கில் நடத்திவிடுகிறது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் ஆராய்ந்துவரும் பொருள்களுள் அரிமானமும் ஒன்று என்றால், இதன் முக்கியத்துவம் உங்களுக்கு விளங்கும்.

அணைத்த கணினியில் மின்சாரம் உண்டா?

உண்டு. விளக்கின் சுவிட்சு மின்சுற்றையே துண்டிக்கிறது. மடிக்கணினியின் பொத்தான் அவ்வாறு செய்வதில்லை. “எழுந்திரு” என்று ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அது செய்தி சொல்கிறது, அவ்வளவே. அச்செய்தியைக் கேட்க அந்தச் சில்லு விழித்திருக்க வேண்டும். ஆகவே பேட்டரி இணைந்திருக்கும் வரை, கணினி “அணைந்து” கிடந்தாலும், பலகையின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அந்த மாணவன் வீட்டில் மூன்று நாளும் பேட்டரியைக் கழற்றவில்லை!

எனவே திரவம் கொட்டினால் செய்ய வேண்டியவை இவை:

1. சார்ஜர் போட்டிருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தால், பொத்தானைச் சுமார் பத்து விநாடி அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள்.

2. பேட்டரி கழற்றக்கூடியதாயின் உடனே கழற்றுங்கள். உள்ளே திருகிப் பொருத்தப்பட்டதாயின், பழக்கமுள்ளவரிடம் விரைந்து கொண்டு சென்று அதன் இணைப்பை விடுவிக்கச் சொல்லுங்கள்.

3. விரித்த நிலையில், விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு, துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள்.

4. “வேலை செய்கிறதா” என்று சோதிக்காதீர்கள்.

அரிசிப் பானைக்குள் புதைப்பது, வெயிலில் காய வைப்பது என்று வழக்கத்தில் சில வைத்தியங்கள் உண்டு. நீர் காய்ந்தாலும் உப்பு காய்ந்து போகாது. அது பலகையிலேயே தங்கும். பின்னர் காற்றின் ஈரத்தை ஏற்று மீண்டும் கடத்தும். சித்திரை வெயிலோ லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. பேட்டரி உப்பியிருந்தாலும் சூடாக இருந்தாலும் அதைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், மீண்டும் மின்னேற்றாதீர்கள்.

லைன்மேன் செய்வது போல

தெருவில் மின்சாரம் போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். எரிந்தால் பழுது நம் வீட்டில், எரியாவிட்டால் வெளியில். ஒரே பார்வையில் பிரச்சினை பாதியாகிவிடுகிறது. லைன்மேனும் மின்மாற்றியிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து வீடு என்று மின்சாரம் வரும் வழியிலேயே பழுதைத் தேடி வருகிறார். மடிக்கணினிக்கும் இதே முறைதான்.

சுவர்ப் பிளக்கில் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வருகிறதா? வேறு விளக்கைப் பொருத்திப் பார்த்தால் தெரியும். அடுத்து அடாப்டர். அதன் முதுகில் அச்சிட்டுள்ளதைப் படியுங்கள். நான் பார்த்ததில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருந்தது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 65 வாட். கணினியில் சேர்க்காமல், அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 19 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. ஆக அடாப்டர் வரை பழுதில்லை. (அடாப்டரை நீங்கள் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட். அந்த அளவுக்கு மின்னேற்றம் பெற்ற மின்தேக்கி அதனுள் இருக்கிறது.)

அப்போது மாணவன் ஒன்று சொன்னான்: “சார்ஜர் பின்னைச் சொருகினா, சார்ஜர்ல இருக்கற பச்சை லைட் அணைஞ்சிடுதுங்க சார்.”

அவன் சொன்ன மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பயனுள்ள செய்தி. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருந்தது.

கணினி வேறு, தகவல் வேறு

கணினி எழாவிட்டால் அதிலுள்ள எல்லாம் அழிந்துவிட்டதாகப் பலர் கலங்குகிறார்கள். அப்படியன்று. தகவல் இருப்பது வன்தட்டில். அந்தக் கணினியில் வன்தட்டு தனிப் பகுதியாக, நான்கு திருகுகளால் பொருத்தப்பட்டிருந்தது. மோர் அதுவரை செல்லவில்லை. அதைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி வழியாக என் கணினியுடன் இணைத்தோம். அக்காவின் அறிக்கை முழுமையாக இருந்தது! பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு அவன் சைக்கிளில் பறந்தான். பழுது பார்ப்பது அதன் பிறகு நிதானமாக நடந்தது.

0.4 ஓம் சொன்ன செய்தி

அன்று மாலை பேட்டரியும் சார்ஜரும் இல்லாத நிலையில் கணினியைத் திறந்தோம். சார்ஜர் நுழையும் துளைக்கு அருகில், பலகையின் மேல் வெண்படலமும் பச்சைப் பொருக்கும் இருந்தன. வெண்மை காய்ந்த மோர். பச்சை, செம்பு அரிபட்டதன் அடையாளம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்து உலரவிட்டோம்.

பின்பு 19 வோல்ட் செல்லும் தடத்திற்கும் தரைத் தடத்திற்கும் இடையே மின்தடையை அளந்தேன். நல்ல பலகையில் இது ஆயிரக்கணக்கான ஓம்களாவது இருக்க வேண்டும். மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்த பிறகு கிடைத்ததோ வெறும் 0.4 ஓம்!

இப்போது ஓம் விதியைப் பயன்படுத்துங்கள். 19 வோல்ட்டை 0.4 ஓமால் வகுத்தால் 47.5 ஆம்பியர். அடாப்டரால் தரக்கூடியதோ 3.42 ஆம்பியர். எனவே அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது. பச்சை விளக்கு அணைந்ததன் பொருள் இதுவே. பழுது, தடம் அறுந்ததால் வந்ததன்று. சேரக்கூடாதவை சேர்ந்த குறுக்குச் சுற்று, அதாவது வழக்கில் நாம் ‘ஷார்ட்’ என்பது.

ஆனால் எந்த இடத்தில்? அந்தத் தடத்தில் எள்ளளவுள்ள பீங்கான் மின்தேக்கிகள் பல, பக்க இணைப்பில் உள்ளன. பக்க இணைப்பில் ஒன்று ‘ஷார்ட்’ ஆனால், எதன் மேல் மீட்டரை வைத்தாலும் அதே 0.4 ஓம்தான் காட்டும். வீட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி ‘ஷார்ட்’ ஆனால் வீடு முழுவதும் இருளாவதை நினைத்துப் பாருங்கள். என் மீட்டரின் வேலை அத்துடன் முடிந்தது.

முதலில் ஆவியான துளி

சேலத்தில் மின்னணுப் பழுது பார்க்கும் ஒருவரிடம் சென்றோம். அவர் செய்ததை எந்த இயற்பியல் வகுப்பிலும் சொல்லலாம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய மின்வழங்கியிலிருந்து, அந்தத் தடத்திற்கு 1 வோல்ட் மட்டும் கொடுத்தார். பலகையின் மேல் ஆல்கஹாலை மெல்லியதாகப் பூசினார். 1 வோல்ட், 0.4 ஓம் என்றால் 2.5 ஆம்பியர், திறன் 2.5 வாட். அதன் பெரும்பகுதி எள்ளளவுள்ள ஒரே பொருளில் வெப்பமானால் என்னவாகும்? சில விநாடிகளில், பலகை எங்கும் ஈரமாக இருக்கையில், ஒரு மின்தேக்கியின் மேல் மட்டும் ஆல்கஹால் ஆவியாகி உலர்ந்தது. குற்றவாளி தானே கையை உயர்த்தியது போலிருந்தது!

அதை அகற்றி அளந்தபோது தடை ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு உயர்ந்தது. அதே மதிப்புள்ள புதிய மின்தேக்கியைப் பற்றவைத்தார். அடாப்டரைச் சொருகினார், பச்சை விளக்கு அணையவில்லை. பொத்தானை அழுத்தினார், திரை ஒளிர்ந்தது. விசைப்பலகையில் ஏழெட்டு எழுத்துகள் மட்டும் திரும்பவில்லை. வெளியிலிருந்து ஒரு விசைப்பலகையை இணைத்து அக்கணினியை அவர்கள் மேலும் பல காலம் பயன்படுத்தினார்கள்.

கீழே விழுந்த கணினியானால்

அப்போது பழுது பெரும்பாலும் இயந்திர வகையைச் சேர்ந்தது. சார்ஜர் துளையின் பற்றவைப்பு விரிசல் விடலாம். முனையை மெதுவாக அசைக்கையில் சார்ஜிங் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். விசிறி ஓடி, விளக்கும் எரிந்து, திரை மட்டும் இருண்டிருந்தால், வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் பழுது திரையிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. இரண்டிலும் வராவிட்டால், ரேம் அட்டை இடம் பெயர்ந்திருக்கலாம். மின்சாரம் முழுவதையும் நீக்கிய பின் அதை எடுத்துப் பொருத்தினால் சரியாவதுண்டு. உடைந்த ஓசையோ புகை நாற்றமோ இருந்தால் சோதனை வேண்டாம். பேட்டரியை நீக்கிவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். டார்ச்சு விளக்கின் 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து, அதிலிருந்து இரு செம்புக் கம்பிகளை நீரில் தொடாமல் நிறுத்துங்கள். காற்றோட்டமான இடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். ஒரு கம்பியில் குமிழிகள் எழும், அது ஹைட்ரஜன். மற்றக் கம்பி எந்த முனையுடன் இணைந்துள்ளது, அதன் அருகில் நீர் என்ன நிறம் பெறுகிறது, அரை மணி கழித்து அதன் பருமன் என்னவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்கலங்களை நீக்கிவிட்டு, புதிய கம்பிகளை அதே கரைசலில் அரை மணி நேரம் வைத்து ஒப்பிடுங்கள்.

அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்ட பின், நனைந்த கணினியின் பொத்தானை நோக்கி உங்கள் விரல் போகாது. பேட்டரியை நோக்கியே போகும்.