நிறுத்திவைத்த வானைக் கறளிலிருந்து காப்பது எப்படி?

திருகோணமலையில் வான் வைத்து உழைக்கும் குடும்பங்களுக்கு வருடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சித்திரை முதல் புரட்டாதி வரை நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் கோணேஸ்வரத்துக்கும் வருகின்ற பயணிகளால் ஓட்டம் கிடைக்கும். ஐப்பசியில் வாடைக்காற்றுத் திரும்பியதும் ஓட்டம் குறைந்துவிடும். அப்போது லிங்கநகர் ஒழுங்கைகளிலே மதிலோரமாகப் படங்கு போர்த்திய வான்களைக் காணலாம். மழை மிகக் கூடிய மாதங்களில்தான் வாகனம் அசையாமல் நிற்கின்றது.

“நிற்கிற வாகனத்துக்கு என்ன தேய்மானம்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சீனக்குடாவிலே 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்ற இந்த மாவட்டத்தில், டீசல் இல்லாமல் வான்கள் வாரக்கணக்காக நின்றன. ஓட்டத்துக்கு எடுத்தபோது பிறேக் இறுகியிருந்தது. தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் கறள். அந்தக் குதங்களிலே பல, காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கறளேறி நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவை தடித்த இரும்புத் தகட்டால் ஆனவை. வானின் தகரமோ ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதுவும் பெரும் வரியோடு. ஆகவே, கையிலிருக்கும் பழைய ‘டொல்பின்’ வானே பல குடும்பங்களின் முதல். அது உக்கிப்போனால் இன்னொன்று வாங்குவது எளிதல்ல.

கறள் பிடிக்க இரும்பு, காற்று, நீர் மூன்றும் சேர வேண்டும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கறியுப்புப் போத்தல் மாரியில் கசிந்து கட்டிப்படுவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். தகரத்தில் படிந்த உப்புத்தூள், மழையே பெய்யாத இரவிலும் அந்த இடத்தை நனைத்து வைத்திருக்கும். ஓடுகிற வானில் காற்றும் சூடும் பட்டு ஈரம் போய்விடும். மூடி நிறுத்திய வானில் அது போக வழியில்லை. ஆகவே, வெளியே பெய்யும் மழையைவிட உள்ளே அடைபட்ட ஈரமே பெரிய எதிரி. வானை இறுக்கி மூடுவதில் நாம் காட்டும் அக்கறையை, அதை உலரவிடுவதில் காட்டுவதில்லை.

முதலில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஓட்டையைத் தேடுவது வீண்வேலை. கூரைக் கரியரின் ஆணித் துளையால் இறங்கும் நீர், உட்தகரத்தின் மடிப்பு வழியே ஓடிப் பின்சீற்றில் சொட்டும். ஆகவே, வான் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் ஒருவர் ரோச் லைற்றோடு உள்ளே இருக்கட்டும். மற்றவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவு ரப்பர், பின்பு கண்ணாடி ரப்பர், பின்லைற், கடைசியாகக் கூரைப் பீலியும் கரியர் ஆணிகளும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது பிடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. கண்ட இடத்தைச் சோக்கால் குறியுங்கள். கட்டிலும் அடுப்பும் பூட்டிய கேம்பர் வான்களில் உட்பலகைகளைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சில சிலிக்கன் பசைகள் வினாகிரி மணக்கும். அந்த மணம் அசிற்றிக் அமிலத்தினுடையது. வெறும் தகரத்தில் பூசினால் பசைக்கு உள்ளேயே கறள் தொடங்கும். வினாகிரி மணம் இல்லாத நியூற்றல் சிலிக்கனை, அல்லது வாகனங்களுக்குரிய பொலியூரிதேன் பசையைக் கேட்டு வாங்குங்கள். பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டபின் பூசுங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் ஒருபோதும் அடைக்க வேண்டாம். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற வைத்த வழி அது. மண் அடைத்திருந்தால் ஈர்க்கினால் குத்தி எடுங்கள். பல வான்களில் கதவின் அடிப்பாகம் முதலில் உக்குவது இந்த அடைப்பினால்தான்.

கறள் கண்ட இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ற் அடிப்பது நோயைப் போர்வையால் மூடுவது போன்றது. கறள் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்பளிக்கிறது. இரும்பின் வெள்ளை நிறம் தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவைத்து, அன்றே பிறைமர் பூச வேண்டும். மறுநாள் என்று விட்டால் இரவிலேயே செம்படலம் வந்துவிடும்.

கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். உவர்க் கிணற்று நீரால் வானின் அடிப்பாகத்தைக் கழுவினால் உப்பை நாமே பூசுகிறோம். குழாய்நீரோ பிடித்துவைத்த மழைநீரோ நல்லது. கடற்கரை மணலில் இறங்கிய வானை அன்று மாலையே அடியில் கழுவுங்கள். அடிப்பாகத்துக்குக் கழிவு ஒயில் அடிக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். அது ரப்பர்களைக் கெடுக்கும். மழையில் வழிந்து மணலுக்குள் இறங்கி அயலவரின் கிணற்றுக்கும் போகும். மெழுகு வகைப் பூச்சுக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

நிறுத்தும் இடம் புல்தரையாக இருக்கக் கூடாது. கல்லோ சல்லியோ பரப்பிய மேடு வேண்டும். உடலோடு ஒட்டிய பொலித்தீன் படங்கு ஈரத்தைச் சிறைப்பிடிக்கும், காற்றில் உரசிப் பெயின்றையும் தேய்க்கும். நான்கு பக்கமும் திறந்த ஒரு கிடுகுக் கொட்டில் அதைவிட மேல். கான்ட்பிறேக்கை இழுத்து விடாமல் கியரில் போட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். விரிப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். வெயில் கண்ட நாளில் எல்லாக் கதவுகளையும் இரண்டு மணித்தியாலம் திறந்து வையுங்கள்.

ஐந்து நிமிடம் எஞ்சினை ஸ்ராட் செய்து நிறுத்துவதில் பயனில்லை. புகைக்குழாய் சூடாகாமல், உள்ளே நீர்தான் தேங்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மழை விட்ட நேரம் பார்த்து, அரை மணித்தியாலம் ஓட்டி வாருங்கள். எரிபொருள் செலவைச் சொல்லித் தயங்குகிறவர்கள், ஒரு கதவுக்குத் தகரவேலை செய்ய எவ்வளவு கேட்கிறார்கள் என்று பக்கத்துக் கராச்சில் விசாரித்துப் பார்க்கலாம்.